சனத்தைக் குறை சொல்ல முதல் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். வீட்டுத்திட்டத்துக்குப் பின்னால், பல வீட்டுக்கும் பொதுவாக இருக்கும் சின்னக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, ஒழுங்கைக்குள் வழிந்த வீடியோதான். நாற்றத்தை விட எனக்குக் குமட்டியது அதன் கீழே ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்த கொமென்ட். "சனத்திடம் இப்படிச் சின்னச் சின்ன சிஸ்டத்தைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். முழு ஊருக்கும் ஒரே குழாய், ஒரே சுத்திகரிப்பு நிலையம். வேறு வழியில்லை."

ஐயா, தொட்டி சின்னது என்பதால் வழியவில்லை. யாரும் சேறு எடுக்கவில்லை, அதனால் வழிந்தது.

கழிவின் மண்டி, அதாவது அந்தச் சேறு, தொட்டியின் அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் மட்டும் தொட்டியை அடுத்திருக்கும் கல்லுப் படுகைக்குப் போகும். மண்டியை எடுக்காமல் விட்டால் அதுவும் சேர்ந்து போய்க் கல்லிடுக்கை அடைக்கும். பிறகு ஒழுங்கைக்குத்தான் வரும். சில வருடங்களுக்கு ஒருமுறை சேற்றை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் வண்டியைக் கூப்பிட்டிருந்தால் இந்த வீடியோவே இல்லை. திறப்பு விழாவில் நாடா வெட்ட மேடை கொள்ளாத கூட்டம். பவுசருக்கு யார் காசு தருவது என்று கேட்ட நாளில் ஒருவரையும் காணோம்.

"வீட்டுத்திட்டத்துச் சனத்தின் சங்கம் காசு சேர்த்திருக்கலாமே?" சேர்த்தார்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். சந்தாக் காசு பம்பின் மின்சாரப் பில்லுக்கே போதாமல் போனது. சேற்றுக்கு எங்கே மிச்சம்?

1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. குளம் என்ற ஏற்பாடே சரிவராது என்று யாராவது சொன்னார்களா? கட்டைத் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கும் திருகோணமலைக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். பெரியது உடைந்தால் திருத்துவீர்கள், சின்னது வழிந்தால் சனம் சரியில்லை. நல்ல நியாயம்!

குழாய் வேண்டாம் என்கிறேனா? டவுனுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் நாட்டிலேயே கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். அந்தக் குழாய் திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் குச்சவெளிக்கு எப்போது வரும்? அதுவரை சனம் எங்கே போவது?

அதே வீடியோவின் கீழே, பத்து பேர்ச் காணியில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே 50 அடி எப்படி விடுவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மணல் நிலத்தில் குழித் தண்ணீர் கிணற்றுக்கு வர நாளெடுக்காது. அதற்காகத்தானே தம்பி, பல வீட்டுக்கும் சேர்த்து ஒரு தொட்டி கட்டினார்கள்?

சனத்துக்குத் தெரியாதாம். சுனாமிக்குப் பிறகு நிலாவெளியில் எங்கள் பெரியம்மாவின் கிணறு உப்பாகிப் போனது. உதவிக்கு வந்தவர்கள் பெரிய பம்பைப் பூட்டி இறைத்தார்கள், மறுபடியும் இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு கூடியது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது, வேகமாக இழுத்தால் அடியில் இருப்பது மேலே ஏறும். "விடுங்கோ பிள்ளையள், மாரி பெய்யட்டும்" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. யார் கேட்டது? அவ படித்தவ இல்லையே. கடைசியில் அந்தக் கிணற்றைக் கழுவியது மாரி மழைதான்.

அப்படிப்பட்ட மனுசிகளைப் பார்த்துத்தான் "சனத்திடம் கொடுத்தால்" என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள். வீடியோ எடுத்தவரோ ஷெயார் பண்ணியவரோ ஒருவர் கூட பவுசர் நம்பர் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்று ஐயா. உங்கள் மாடி வீட்டுக்குப் பின்னாலும் இருப்பது குழிதான். கடைசியாக எந்த வருடம் அதன் மூடியைத் திறந்தீர்கள்? இங்கே சொல்லக் கூச்சமாக இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.