அதே தப்பு, அடுத்த சைட்டிலும்

வேலூரில் கத்திரி வெயில் நேரத்தில் தளம் போடுவதென்றால் விடியும் முன்பே ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். காந்தி நகர் சைட்டில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பதினோரு மணிக்குக் கொட்டிய கான்கிரீட், சாயங்காலத்துக்குள் வறண்ட ஏரி மாதிரி மேலெல்லாம் விரிசல். கான்கிரீட் இறுகுவதற்குள் மேலே இருக்கிற ஈரத்தை வெயிலும் காற்றும் உறிஞ்சிவிட்டால் அப்படித்தான் ஆகும். வீட்டுக்காரர் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

சரி, இனிமேல் இது நடக்காது என்று நினைத்தேன். சத்துவாச்சாரியில் அதே காண்ட்ராக்டர், அதே மேஸ்திரி. இன்ஜினியர் மட்டும் புதுசு. ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றபோது மணி பதினொன்று!

மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா யார் சார் கேக்கறாங்க? போன தடவை சொன்னதுக்கே உன் வேலையப் பாருன்னுட்டாங்க" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஊர் வெயிலையும் மண்ணையும் ஆயுசு முழுக்கப் பார்த்த மனுஷனின் வாயை அடைத்துவிட்டு, படித்து முடித்த கையோடு வந்த பையன் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் அவன்தான் என்ன செய்வான்? முன்பு இருந்த இன்ஜினியர் ஓசூருக்கு வேலை மாறிப் போனபோது அவர் டைரியும் கூடவே போய்விட்டது. புதியவர் கைக்கு வந்தது வரைபடச் சுருளும் குடோன் சாவியும்தான்.

தப்பான பழக்கம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சைட் விட்டு சைட் தாவுகிறது. "ஏழு நாள் தண்ணி கட்டினா போதும்" என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த ஏழு நாள் கணக்கு ஓபிசி என்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. நாம் வாங்குவது பெரும்பாலும் பிபிசி, அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் வரை ஈரம் காயக்கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 தெளிவாகவே சொல்கிறது. இதை எந்தச் சைட்டில், யார், யாருக்குச் சொன்னார்கள்?

பிளம்பர் கதை இன்னும் மோசம். கம்பி கட்டும்போதே அவரை வரச்சொல்லி, பைப் போகிற இடத்தில் ஸ்லீவ் (பைப் நுழைய வழிவிடும் குழாய்த் துண்டு) வைத்திருந்தால் வேலை முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. தளம் போட்டபிறகு வந்தவர் பிரேக்கரை வைத்து பீமைக் குடைந்தார். உள்ளே கம்பிகளைச் சுற்றிக் கட்டிய இரண்டு ரிங் அறுந்து, கம்பி பல்லிளித்துக்கொண்டு நின்றது. அதைக் கலவை வைத்துப் பூசி மூடிவிட்டார்கள். அடுத்த சைட்டிலும் இதே கூத்து. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கலாமே என்பார்கள். அதில் காலை வணக்கத்துக்கும் சிமெண்ட் பில்லுக்கும் நடுவில் எதைத் தேடி எடுப்பது?

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஒரே இடத்தில்தானே நிற்கிறார்கள்? அரை மணி நேரம் அவர்களை உட்காரவைத்து, இந்த வாரம் எது தப்பாச்சு, எதை மாற்றணும் என்று கேளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்கு பாஷை புரியாவிட்டால் கம்பியைத் தொட்டுக் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சைட் முடிந்ததும் அந்த நோட்டு அடுத்த சைட்டுக்குப் போகட்டும். இதைச் சொன்னதற்கு, "அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்" என்று எழுந்து போய்விட்டார் காண்ட்ராக்டர்.

அடுத்து பாகாயத்தில் தளம் வருகிறது. அந்த மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தயவுசெய்து லாரிக்குச் சொல்லாதீர்கள்.