9,900 எம்ஏஎச்சாம், எடை 28 கிராமாம்!

18650 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே வரிசையாகப் படுத்திருக்குமே, அதுதான். பெரிய பெரிய கம்பெனிகள் தலைகீழாக நின்று செய்தும் இந்த உருளைக்குள் பொதுவாக 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, செல்லில் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்கிற கணக்கு) பக்கம்தான் அடைக்க முடிகிறது. ஆனால் நம்ம வேலூரில் 150 ரூபாய் நீட்டினால் 9,900 எம்ஏஎச் செல் கையில் கிடைக்கிறது! லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பாவம், ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஸ்டிக்கரை அச்சடித்தவனுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்!

எனக்கு டார்ச் செய்வது விளையாட்டு இல்லை. குடியாத்தம் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மும்முனை கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். அப்போது போய் மோட்டார் போட்டு, மடை திருப்பிவிட்டு வர வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். சீசனில் ஆந்திரா எல்லைக் காட்டிலிருந்து யானை வேறு இறங்கும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் டார்ச்சை நம்பி அப்பாவை அனுப்ப மனசு வரவில்லை. சரி, சோல்டரிங் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது, நாமே உருப்படியாக ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். 10 வாட் எல்இடி ஒன்று, அதற்கு 3 ஆம்பியர் அளந்து தரும் டிரைவர் சர்க்யூட், ஒரு நல்ல செல், ஒரு அலுமினியக் கட்டை. கேட்டது இவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டால் சுவர் வெள்ளையாக ஜொலித்தது. காபி ஆறுவதற்குள் மஞ்சளடித்து மங்கிவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 4.1 வோல்ட் காட்டிய செல், 3 ஆம்பியர் இழுத்ததும் 3 வோல்ட்டுக்குக் கீழே பொத்தென்று விழுகிறது. 9,900 உண்மையாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். மெதுவாக இறக்கி அளந்ததில் வந்தது 700 சொச்சம். அப்புறம்தான் தராசில் வைத்தேன். நல்ல 18650 ஒன்று 45 கிராம் பக்கம் இருக்கும். இது 28. மேலே சுற்றியிருந்த ஊதா பிளாஸ்டிக்கை உரித்துத் தகரத்தைப் பிரித்தால், உள்ளே சுண்டுவிரல் தடிமனில் வேறொரு குட்டி செல். சுற்றிலும் வெள்ளையாக ஏதோ பொடி. மாவா, சுண்ணாம்பா, அவனுக்கே வெளிச்சம்.

எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், இந்தக் கடை இல்லாவிட்டால் பக்கத்துக் கடை, சரக்கு ஒன்றுதான். “இன்னா தம்பி, பிரிச்சிட்டியே, இனி ரிட்டன் எடுக்க முடியாதே” என்றார். பிரிக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிண்ணா தெரியும் என்றேன். “அது சைனா நம்பர் தம்பி. அவன் போட்டு அனுப்புறான், நான் விக்கிறேன். ஒரிஜினல் வேணும்னா இந்தா இது, 12,000 எம்ஏஎச்” என்று இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தார். அந்த மனுஷனிடம் நான் என்ன பேச முடியும்?

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கவுன்டரில் கொட்டிக் கிடந்த செல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சிங்கம் படம் இருக்கிறது, நெருப்புப் படம் இருக்கிறது. பதிவு எண்ணைக் காணோம்.

செல்தான் இப்படி என்றால் எல்இடி அதற்கு அண்ணன். 100 வாட் என்று சதுரமாக மஞ்சள் பலகை விற்கிறார்களே, ஒழுங்கான சரக்கில் பத்துக்குப் பத்து என்று நூறு சிறு சில்லுகள் இருக்கும், 30 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். மிகக் குறைந்த கரண்ட் கொடுத்தால் ஒவ்வொரு சில்லும் தனித்தனிப் புள்ளியாக மின்னும், உட்கார்ந்து எண்ணலாம். நான் எண்ணினேன். நூறு வரவே இல்லை. பலகையின் முதுகைக் கத்தியால் கீறினால் செம்பு நிறம் தெரிய வேண்டும், தெரிந்தது வெள்ளை. வாட்டிலும் பொய், உலோகத்திலும் பொய்.

கடை டார்ச் டப்பா மேல் “2 கி.மீ. வெளிச்சம்” என்று வேறு போட்டிருக்கும். டார்ச் தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது சார். பௌர்ணமி நிலா அளவு, அதாவது கால் லக்ஸ் வெளிச்சம் எங்கே போய் விழுகிறதோ அதுதான் தூரம். ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சம் கேண்டலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் வலிமை) வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கேண்டலா நான்கு மடங்கு, ஆக இரண்டு கிலோமீட்டருக்கு 10 லட்சம். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெள்ளிப் பூச்சு அடித்துவிட்டு 10 லட்சமாம். இவர்கள் டார்ச் அடித்தால் காட்பாடி மலையில் இருக்கிறவன் கண் கூசி எழுந்து உட்கார வேண்டும்!

இந்த வீடியோக்காரர்களை விட்டுவிட்டேனே. பத்தே நிமிடத்தில் 100 வாட் டார்ச் என்று பிவிசி பைப்பில் எல்இடியைப் பசை வைத்து ஒட்டிக் காட்டுகிறார்கள். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறும். அந்தச் சூடு பிவிசி வழியாக எங்கே போகும்? அடியில் சூட்டை உறிஞ்சி வெளியே விட அலுமினிய ஹீட் சிங்க், நடுவில் சூட்டைக் கடத்த மெல்லிசாகத் தெர்மல் பேஸ்ட், முடிந்தால் ஒரு ஃபேன் வேண்டும். இது இல்லாமல் ஒரு நிமிடம் எரியவிட்டு கேமராவை அணைத்துவிடுகிறான். நாம் அதைப் பார்த்து, கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிற இந்த ஊரில் செய்தால், எல்இடி கருகும், பைப் இளகும்.

சார்ஜர் போர்டு கதை இன்னும் மோசம். டிபி4056 என்கிற நீலப் பலகை இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் பாதுகாப்புச் சில்லு உண்டு, செல் ஒரேயடியாக இறங்கினாலோ ஷார்ட் ஆனாலோ துண்டித்துவிடும். இன்னொன்றில் அது கிடையாது. பேட்டரி, அவுட்புட் என்று இரண்டு ஜோடி முனை இருந்தால் முதல் ரகம், பேட்டரி முனை மட்டும் இருந்தால் இரண்டாவது. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்து ஒரே விலைக்கு விற்கிறார்கள். லித்தியம் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்துமா இப்படி? ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு அதே அறையில் தூங்குகிறார்கள் ஐயா மனிதர்கள்!

ஒரு செல்லுக்காக பஸ் ஏறி 130 கிலோமீட்டர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கேயும் தராசோடுதான் போக வேண்டும் போலிருக்கிறது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் செல்லை எடை போட்டுக் காட்டி விற்கிற கடை இருந்தால் தயவுசெய்து கீழே சொல்லுங்கள். விலை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. “12,000 எம்ஏஎச் இருக்கு” என்று யாராவது வந்தீர்களோ, நடக்கிறதே வேறு.