ஜூன் ஹு 'கணக்கு வராதவர்' இல்லை
'கணக்கே வராத பையன் 2022-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினான்' என்று, கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான அந்தப் பதக்கத்தைப் பெற்ற கணிதவியலாளர் ஜூன் ஹுவைப் பற்றி ஒரு கட்டுரை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. கவிஞராகப் போகிறேன் என்று பள்ளியை விட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா புள்ளியியல் பேராசிரியர். அப்புறம் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவுக்குப் பாடம் எடுத்தவர் ஜப்பானியக் கணிதவியலாளர் ஹிரோனாகா, 1970-லேயே அதே பதக்கம் வாங்கியவர். பேட்டி எடுக்கலாம் என்ற நினைப்பில் போய் உட்கார்ந்த ஹு, மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகும் எழுந்து போகவில்லை. அங்கே காதில் விழுந்த இயற்கணித வடிவியல்தான் (சமன்பாடுகளால் உருவாகும் வடிவங்களை ஆராயும் துறை), பிறகு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ரீட் ஊகத்தை நிரூபிக்கக் கைகொடுத்தது. ரீட் என்ற கணிதவியலாளர் 1968-ல் சொன்ன அந்த ஊகத்தை என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கரும்பலகையில் காட்டியிருக்கிறேன். ஒரு சதுரம் போட்டு, பக்கத்துப் பக்கத்து மூலைகளுக்கு ஒரே நிறம் வராமல் எத்தனை விதமாக வண்ணம் பூசலாம் என்று கணக்குப் போடுங்கள். நிறங்களின் எண்ணிக்கையை மாறியாக வைத்தால் வருகிற பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள், கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டால், 1, 4, 6, 3. ஏறி, பிறகு இறங்குகிறது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த எந்தப் படத்தை எடுத்தாலும் இப்படித்தான், நடுவில் பள்ளம் விழாது என்பதே ஊகம். வண்ணம் பூசும் கேள்விக்கு வடிவியலில் விடை தேடியது ஹுவின் துணிச்சல். ஹுவின் வெற்றியை 'அதிர்ஷ்டம்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களில் இல்லினாயைத் தவிர எல்லாமே கதவைச் சாத்தின, இதில் எங்கே ஐயா அதிர்ஷ்டம்?