டியூப் இன்னும் தேவையா என்று கேளுங்கள்

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கு, நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் முக்கியக் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வார்டுக்குள் நடப்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது. கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சிறுநீர் டியூபை எட்டு நாளாகியும் எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் குளிர் ஜுரம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கு நேரேயும் 'ஆர்' என்ற எழுத்து, அதாவது வேலை செய்யாது. கடைசியில் கொலிஸ்டின் போட்டார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைத் தினமும் பார்த்துப் பயந்துகொண்டே இருந்தோம். பிழைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்டவர் இல்லை. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடும். கிருமிகள் அதன் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். கழுவாத கைகள் வழியாக அடுத்த படுக்கைக்கும் போகும். நர்ஸுகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இரவில் ஒருவரே அத்தனை பேரையும் பார்த்தார்.

அப்புறம், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் தருகிறார்கள் என்று கட்டுரை சொன்னது சரி. அட்டையில் சிவப்புக் கோடு உள்ள மருந்தைச் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. எங்கள் பக்கம் சாதாரண சளிக்கே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்திருப்பவர்கள், காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "இந்த டியூப் இன்னும் தேவையா, சார்?" நாங்கள் கேட்கவில்லை.