"கிடைச்சிடுச்சா? நாங்க வேற வாங்கிட்டோமே!"

இனிமேல் யாராவது "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிங்க, எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று நாயைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தால், முதலில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டப் போகிறேன். நாய் கிடைத்தால் திரும்ப வீட்டுக்கு அழைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்கப்புறம்தான் டார்ச் லைட்டையே கையில் எடுப்பது. அவ்வளவு கசந்துபோயிருக்கிறேன்.

ஜூலி, வெள்ளை பொமரேனியன், 12 வயது. நங்கநல்லூர் வீடு. தீபாவளி சாயங்காலம் வாசலில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தியிருக்கிறார்கள், கேட் திறந்து கிடந்திருக்கிறது. வெடிச் சத்தத்துக்கு நாய் கண்மண் தெரியாமல் ஓடும் என்பது நாய் வளர்க்கிற யாருக்குத் தெரியாது? உள் அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்று வருஷா வருஷம் தெருத்தெருவாகப் போய்ச் சொல்கிறோம். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த நாள் காலையில், தொலைந்த நாய்களைத் தேடிக் கொடுக்கிற எங்கள் குழுவில் வரிசையாகப் படங்கள் வந்து விழுகின்றன. காணவில்லை, காணவில்லை, காணவில்லை.

அந்த வீட்டுக்காரரிடம் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டேன். கழுத்தில் பட்டை இருக்கிறதா? "தலைக்குக் குளிப்பாட்டினப்ப கழட்டி வெச்சோம்." போன் நம்பர் எழுதின டாலர்? "அதெல்லாம் இல்லைங்க." மைக்ரோசிப்? "அப்படின்னா?" மாநகராட்சி லைசென்ஸ்? "நாய்க்குப் போய் எதுக்கு சார் லைசென்ஸ்?" சரி, சமீபத்தில் எடுத்த படமாவது? அவர் அனுப்பிய படத்தில் ஜூலி குட்டியாக ஒரு ஷூவுக்குள் உட்கார்ந்திருந்தாள். 12 வயது நாயைத் தேட, கைக்குழந்தை போட்டோ!

உரிமத்துக்குச் சென்னை மாநகராட்சியில் 50 ரூபாய். மைக்ரோசிப்பும் ரேபிஸ் ஊசியும் முகாம் போட்டு இலவசமாகவே போட்டார்கள். ஓர் அரிசி அளவுக்கு இருக்கும் அந்தச் சிப் தோலுக்கடியில் இருந்திருந்தால், எந்தக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் செய்தாலும் யார் வீட்டு நாய் என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு நடை நடக்கவில்லை. பத்தாயிரம் வாலா வாங்கக் கடைக்கு நடக்க மட்டும் கால் இருந்திருக்கிறது.

பயந்து ஓடிய நாய் பெரும்பாலும் வெகு தூரம் போகாது. பக்கத்துத் தெருவிலேயே காருக்கடியிலோ, கட்டிமுடியாத வீட்டிலோ, சாக்கடை ஓரத்திலோ சுருண்டு கிடக்கும். முன்பின் தெரியாதவர்கள் போய்க் கூப்பிட்டால் இன்னும் உள்ளே ஒடுங்கும், துரத்தினால் மறுபடி ஓடும். அதனால்தான் ஊர் அடங்கிய பிறகு வீட்டு ஆட்களே வந்து, வழக்கமாகக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட வேண்டும் என்று கெஞ்சுகிறோம். அதுவும் ஜூலிக்கு இரண்டு கண்ணிலும் புரை. குரலும் வாசனையும்தான் அவளுக்கு வழி. "சார், ராத்திரி ஒரு மணி நேரம் வாங்க, நீங்க கூப்பிட்டா வந்துடுவா" என்றேன். அவர் சொன்னது: "எனக்குக் காலையில ஆபீஸ் இருக்கு. நீங்க பாருங்க, கிடைச்சா போன் பண்ணுங்க."

எங்களுக்கெல்லாம் ஆபீஸ் இல்லையா? எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற டீச்சர் இருக்கிறார், மருந்துக்கடை வைத்திருப்பவர் இருக்கிறார், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பெட்ரோல் சொந்தக் காசு, நோட்டீஸ் அடித்தது சொந்தக் காசு. டீச்சருக்கு முட்டி வலி. அவரும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பழவந்தாங்கல் சப்வே வரைக்கும் "ஜூலி, ஜூலி" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்.

நாள்கணக்கில் தேடியும் கிடைக்காமல், கடைசியில் கண்டுபிடித்தது விடியற்காலையில் குப்பை எடுக்க வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா. எந்தத் தெருவில் எந்த நாய் படுக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டிருந்த ஒரு வேனுக்கடியில் புதிதாக ஒன்று படுத்திருக்கிறது என்று போன் செய்தார். அது ஓடிவிடக் கூடாதே என்று, நாங்கள் போய்ச் சேரும்வரை தன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். தான் சாப்பிட வைத்திருந்த பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் யார், ஜூலி யார்?

வெள்ளை நாய் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ரோமம் சடை பிடித்து, காது முழுக்க உண்ணி. முன்னங்கால் பாதம் கிழிந்து புண்ணாகியிருந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பில்லை டீச்சர் கட்டினார். நான் சந்தோஷத்தோடு போன் போட்டேன். இனி அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"சார், ஜூலி கிடைச்சுட்டா!"

"கிடைச்சிடுச்சா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது வந்து... பையன் ரொம்ப அழுதான். அதனால நாங்க வேற வாங்கிட்டோமே."

"வேறன்னா?"

"லேப் குட்டி. போன வாரம்தான்."

போன வாரம்! டீச்சர் சப்வேயில் நடந்துகொண்டிருந்த வாரம். நாங்கள் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த வாரம். தேட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட இவருக்குத் தோன்றவில்லை.

"சரி சார், ஜூலியை எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

"ரெண்டை வெச்சுப் பார்க்க முடியாதுங்க. அதுக்கும் வயசாயிடுச்சு. நீங்கதான் இதுல இவ்வளவு ஆர்வமா இருக்கீங்களே, யாருக்காவது கொடுத்துடுங்க. இல்லைன்னா ப்ளூ கிராஸ்ல விட்டுடுங்க."

அடிபட்டதும் நோய்ப்பட்டதும் நாதியற்றதுமாக எத்தனையோ பிராணிகளை வைத்துப் பார்க்கிற இடம் அது. வீடு இருக்கிற நாயை, வீட்டுக்காரருக்கு அலுத்துவிட்டது என்பதற்காகக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடமா? கேட்டேன். பதில் இல்லை. போன் அவர் மனைவி கைக்கு மாறியது.

"தப்பா நினைக்காதீங்க. குட்டிக்கு இன்னும் ஊசி எல்லாம் போட்டு முடிக்கலை. இது தெருவுல சுத்தினது, ஏதாவது ஒட்டிக்கும்."

அந்த அம்மாவுக்குக் குட்டியின் தடுப்பூசியைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. ஜூலிக்குக் கடைசியாக ரேபிஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று அவரிடமே முன்பு கேட்டேன், "சின்னதுல போட்டது" என்றார். வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி! அப்புறம் பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி, "அதோட தட்டும் பெல்ட்டும் இங்க இருக்கு, வேணும்னா வந்து வாங்கிக்கோங்க" என்றார். போனை வைத்தார்கள். குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டார்கள். டாக்டர் பில் எவ்வளவு என்று இருவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது அதன் 11-ஆவது பிரிவில் குற்றம்தான். முதல் முறை செய்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். உரிமம் வாங்காமல் நாய் வளர்த்தால் மாநகராட்சி 5000 ரூபாய் கேட்கிறது. அதே நாயை நடுத்தெருவில் விட்டால் 50. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொகையை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இவராவது ஒருவர். மற்ற நாட்களில் வருகிற போன்களைக் கேளுங்கள். கண் திறக்காத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்து, "உங்க வாசல்ல வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். தாய்ப்பால் இல்லாமல் அதுகள் எப்படிப் பிழைக்கும்? "எங்க தெரு நாய்களைப் பிடிச்சு எங்கயாவது தூரமா விட்டுடுங்க" என்பது இன்னொரு ரகம். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, கருத்தடை செய்து ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயேதான் விட வேண்டும். காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். இதைச் சொன்னால், "சுப்ரீம் கோர்ட்டே எல்லாத்தையும் பிடிக்கச் சொல்லிடுச்சே" என்று சண்டைக்கு வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிக்காகச் சொன்னதை, அதே நீதிமன்றம் 22-ஆம் தேதியே மாற்றியது. வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றை அந்தந்த இடத்திலேயே திரும்ப விடச் சொன்னது. முதல் செய்தியை வைத்துக்கொண்டு எல்லாரும் எங்களிடம் வாதாடினார்கள். இரண்டாவதைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

ஜூலி இப்போது டீச்சர் வீட்டில் இருக்கிறாள். புண் ஆறிவருகிறது, மோர்சாதம் சாப்பிடுகிறாள். கண் தெரியாததால் புது வீட்டில் சுவரில் முட்டிக்கொள்கிறாள். பழைய வீட்டில் அவளுக்கு ஒவ்வொரு படியும் தெரிந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கமாட்டேன் என்கிறது. டீச்சர் வீட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன. தரைத்தளத்தில் வீடு இருந்து, பகலில் ஆள் இருந்து, வயதான நாயைக் கடைசிவரை வைத்துக்கொள்ள மனசும் இருப்பவர்கள் சொல்லுங்கள், நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். மனசு மாறினால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று, இதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலிக்காக நாங்கள் ஒட்டிய நோட்டீஸ் ஒன்றின்மேல், பசை காய்வதற்குள் மூலம் பௌத்திர வைத்தியசாலை விளம்பரத்தை ஒட்டியவர் யார்? அவ்வளவு நீளச் சுவர் காலியாகக் கிடக்கிறது. போன் நம்பர் சரியாக மறைகிற மாதிரி அங்கேயேதான் ஒட்ட வேண்டுமா?