நாடுகளின் நிதிக் கணக்குகளை ஒன்றுசேர்க்கும்போது முரண்களை மறைக்க வேண்டாம்

2007ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசின் கடன், அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஸ்பெயினில் அது 36 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அரசுக் கடனை மட்டும் அளந்தவர்களுக்கு இரண்டு நாடுகளும் கட்டுக்கோப்பானவையாகவே தெரிந்தன. ஆனால் வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்களிடமும், கட்டுமான நிறுவனங்களிடமும், அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளிடமும் சுமை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த வங்கிகள் சரிந்தபோது சுமை அரசின் தலையில் இறங்கியது. ஐந்தே ஆண்டுகளில் அயர்லாந்தின் அரசுக் கடன் உற்பத்தியில் ஏறத்தாழ 120 விழுக்காடானது. குடும்பங்கள், நிறுவனங்கள், வங்கிகள், அரசு ஆகியவற்றில் எந்தத் துறை எந்தத் துறைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுத் தரவுத்தளம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்கப் பொருளாதாரத்தில் பணம் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதைப் பொருளாதார அறிஞர் மாரிஸ் கோப்லேண்ட் 1952இல் ஒரு நூலாகத் தொகுத்தார். 1955இல் அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அந்தக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது. 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2009இல், ஜி20 நாடுகளின் தரவு இடைவெளிகளை நிரப்பும் திட்டம் பிறந்தபோது, துறைவாரியான நிதிக் கணக்குகளும் அதன் பரிந்துரைகளில் இடம்பெற்றன. ஆகவே தளம் வேண்டுமா என்பது இன்று கேள்வியே இல்லை. அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஒவ்வொரு துறையின் நிதிச் சொத்துகளையும் கடன்களையும் பதியும் நிதிக் கணக்கின் வலிமை அதன் கட்டமைப்பில் இருக்கிறது. ஒருவரின் நிதிச் சொத்து பெரும்பாலும் இன்னொருவர் செலுத்த வேண்டிய கடன் பொறுப்பு. காலத் தொடக்க இருப்போடு அந்தக் காலத்துப் பரிவர்த்தனைகளையும், விலை மாற்றத்தால் வந்த மறுமதிப்பீட்டையும், பிற மாற்றங்களையும் கூட்டினால் கால இறுதி இருப்பு கிடைக்க வேண்டும். குடும்பங்களிடம் ஆண்டின் தொடக்கத்தில் 100 கோடி மதிப்புள்ள பங்குகள் இருந்து, இறுதியில் அது 120 கோடியானது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் புதிதாக வாங்கியது 5 கோடிக்கு மட்டுமே. மீதி 15 கோடி விலையேற்றம். இருப்பை மட்டும் வெளியிடும் தளத்தைப் பார்ப்பவர், குடும்பங்கள் 20 கோடியைச் சந்தையில் போட்டதாக எழுதிவிடுவார். இருப்பு, பரிவர்த்தனை, மறுமதிப்பீடு, பிற மாற்றம் ஆகிய நான்கும் சேர்ந்து வராத தளம் வாசகரைத் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பது இதைவிடப் பெரிய சிக்கல். அமெரிக்கக் கணக்கில் குடும்பத் துறையின் பல சொத்துகள் நேரடியாக அளக்கப்படுவதில்லை. வெளியிடப்பட்ட மொத்தத்திலிருந்து மற்றத் துறைகளின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவதே குடும்பங்களின் பங்காகப் பதிவாகிறது. அதனால் பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் உள்நாட்டு ஹெட்ஜ் ஃபண்டுகளின் சொத்துகளும் அந்த மிச்சத்துக்குள் வந்துவிடுகின்றன. இலாப நோக்கற்ற நிறுவனங்களும் அதே துறையில்தான் சேர்க்கப்பட்டுள்ளன. ஓய்வூதியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. நெதர்லாந்தில் ஊழியர்களின் ஓய்வூதியம் பெருமளவு நிதியங்களில் சேமிக்கப்படுவதால் அது குடும்பங்களின் நிதிச் சொத்தாகக் கணக்கில் ஏறுகிறது. பிரான்சில் இன்றைய ஊழியர்களின் பங்களிப்பிலிருந்தே இன்றைய ஓய்வூதியர்களுக்கு வழங்கும் முறை மேலோங்கியிருப்பதால், அந்த உரிமைகள் மைய நிதிக் கணக்கில் வராமல் துணை அட்டவணையில் நின்றுவிடுகின்றன. இரு நாட்டுக் குடும்பங்களின் செல்வத்தை ஒரே வரைபடத்தில் போட்டு, டச்சுக் குடும்பம் பிரெஞ்சுக் குடும்பத்தைவிட இத்தனை மடங்கு செல்வம் படைத்தது என்று எழுதுபவர் ஓய்வூதிய முறைகளின் வேறுபாட்டைத்தான் பெரிதும் அளந்திருப்பார். அந்த எச்சரிக்கை எண்ணின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்; நூறு பக்க முறைமைக் கையேட்டின் ஓர் அடிக்குறிப்பில் இருந்தால் போதாது.

மதிப்பிடும் முறையும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவு விதிகளுக்கான அரசுக் கடன் முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் குறித்த தொகையில், கணக்கிடப்படுகிறது; நிதிக் கணக்கில் அதே பத்திரங்கள் சந்தை மதிப்பில் நிற்கின்றன. 2022இல் வட்டி விகிதங்கள் ஏறிப் பத்திர விலைகள் இறங்கியபோது, ஒரு காசுகூடத் திருப்பிச் செலுத்தாமலேயே சந்தை மதிப்பில் கடன் குறைந்தது. இரண்டு எண்களும் சரியானவையே. எது எது என்று சொல்லாமல் தருவதுதான் தவறு.

அடுத்து, அட்டவணையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான வரிசைக்கு வருகிறேன். உற்பத்தி, வருமானம், முதலீடு ஆகியவற்றின் பக்கத்திலிருந்து ஒரு துறையின் நிகரக் கடன் வழங்கலை, அதாவது தன் செலவும் முதலீடும் போகப் பிறருக்குக் கொடுக்க மிஞ்சும் தொகையை, கணக்கிடலாம். நிதிப் பக்கத்திலிருந்தும் கணக்கிடலாம். கோட்பாட்டின்படி இரண்டும் சமமாக இருக்க வேண்டும், நடைமுறையில் அரிதாகவே சமமாகின்றன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் முதல் பக்கத்தைப் புள்ளிவிவர அலுவலகமும் இரண்டாம் பக்கத்தை மத்திய வங்கியும் தொகுக்கின்றன. மூல ஆவணங்களே வேறு வேறு என்னும்போது வித்தியாசம் வருவது இயல்பு. இந்த வித்தியாசத்தைப் பல துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து அட்டவணையை அழகாக்கும் பழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. எந்தத் துறையில், எந்தக் காலாண்டில், எவ்வளவு பொருந்தவில்லை என்பது ஆய்வாளருக்கு மிகப் பெரிய செய்தி. பதிவாகாத கடனும் எல்லை தாண்டிய பணமும் முதலில் தலைகாட்டக்கூடிய இடம் அதுதான். அதைத் தனி வரிசையாகவே வெளியிட வேண்டும்.

தொழில்நுட்பத்தில் பெரிய தடையில்லை. சர்வதேசச் செலாவணி நிதியம், உலக வங்கி உள்ளிட்ட ஏழு அமைப்புகள் 2001இல் தொடங்கிய எஸ்டிஎம்எக்ஸ் என்ற பரிமாற்ற வடிவம், 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. எண்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிழையின்றி அது கொண்டுசெல்லும். உள்ளடக்கத்தை ஒத்துப்போகச் செய்யும் வேலை மனிதர்களுடையது. நாட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, அடுத்த திருத்தத்தில் மீண்டும் சரிபார்க்கும் ஆட்களுக்கு நிரந்தரப் பணியிடம் இல்லாமல் இத்தகைய தளம் நீடிக்காது.

பழைய பதிப்புகளை அழிக்காமல் வைத்திருப்பதையும் நான் கட்டாயமாகக் கருதுகிறேன். நாடுகளின் கணக்குகளுக்கான சர்வதேச விதித் தொகுப்பான 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறைக்கு ஆஸ்திரேலியா 2009இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2014இலும் மாறின. 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணையம் புதிய முறையை ஏற்றிருக்கிறது. இதற்கும் நாடுகள் ஒரே ஆண்டில் மாறப்போவதில்லை. மாற்றம் நிகழும் ஒவ்வொரு தொடரிலும் முறிவு எங்கே என்று குறிக்காவிட்டால், கணக்கு முறையின் மாற்றமே பொருளாதார நிகழ்வாகப் படிக்கப்படும்.

முழுமையான காலாண்டுக் கணக்கு இல்லாத நாடுகளை வெளியே நிறுத்துவதையும் நான் எதிர்க்கிறேன். ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால் அதை ஆண்டுக் கணக்காகவே சேர்க்கலாம்; ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு என்றால் அப்படியே குறிக்கலாம். வங்கித் துறைக்கும் அரசுக்கும் மட்டும் தரவு கிடைத்தால், அந்த இரண்டு துறைகள் எதிர்த்தரப்பாக நிற்கும் கடன்களிலிருந்தே குடும்பங்கள், நிறுவனங்களின் கணக்கில் கணிசமான பகுதியைப் பெற முடியும். அப்படிப் பெற்ற ஒவ்வோர் எண்ணுக்கும் அது மதிப்பீடு என்ற குறியீடும், எந்த மூலத்திலிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்ற விளக்கமும் உடன் வர வேண்டும். நாடு தானே அளந்து தரும் எண் பின்னர் கிடைக்கும்போது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அப்போதுதான் வழி இருக்கும்.