தகரத்தின் துளைகளை அடைத்த பிள்ளை

என் சின்னம்மாவின் மகன் 2012ஆம் ஆண்டு உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். முதலில் கிரிக்கெட்டை விட்டான். பிறகு கூட்டாளிகளை விட்டான். பிறகு, போரின் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய பின் நாங்கள் போட்ட தகரக் கொட்டிலின் ஆணித் துளைகளை ஒவ்வொன்றாகக் கடதாசியால் அடைக்கத் தொடங்கினான். யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். வன்னியில் அன்று அதை எவரும் நோயின் பேச்சு என்று எண்ணவில்லை. விசாரிக்க ஆட்கள் உண்மையாகவே வீடு தேடி வந்த காலம் அது.

அவன் வைத்தியரைக் காணப் பதினேழு மாதங்கள் சென்றன. இல்லாத குரல்களைக் கேட்பதும், எவ்வளவு விளக்கினாலும் அசையாத சந்தேகங்கள் மனதில் ஊன்றுவதும் உளமாய நோயின் (psychosis) குறிகள். அது பெரும்பாலும் பதின்மவயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் ஆரம்பிக்கிறது. குறிகள் தெளிவாகத் தென்பட்ட மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது உலகளவில் வைக்கப்பட்டுள்ள இலக்கு; தாமதம் நீளநீள மருந்துக்குக் கிடைக்கும் பலன் குறைவதையும், பிள்ளை படிப்பிலிருந்தும் மனிதரிடமிருந்தும் மேலும் விலகிப்போவதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

இந்தத் தாமதத்துக்குக் கோயிலையும் தோஷம் நீக்கும் கழிப்புச் சடங்கையும் மட்டும் குற்றம் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. நாங்களும் நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம். ஆனால் இறுதியில் "இது என் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று சொன்னவரும் ஒரு பூசாரிதான். எங்களை உண்மையில் மறித்தது வேறொன்று. எறிகணைச் செல்லடியில் தகப்பனை இழந்த பிள்ளை பேசாமல் இருந்தால், அதற்கான காரணம் எங்களிடம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. தூங்காவிட்டாலும் போர், சாப்பிடாவிட்டாலும் போர், தனியே சிரித்தாலும் போர் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு துயரத்துக்குள் போட்டு மூடினோம். துயரம் உண்மையானது என்பதாலேயே அதற்குப் பின்னால் வளர்ந்த நோய் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆர்ப்பாட்டம் செய்கிறவனை ஊர் கூடி அன்றைக்கே வாகனத்தில் ஏற்றும். அமைதியாக ஒடுங்குகிறவனே ஆகப் பிந்தி வருகிறான். அக்காவின் கலியாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகளும் உண்டு. பெரிய மனநல ஆஸ்பத்திரி இருப்பதால், "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரே எங்களிடையே வசைச்சொல்லாகிவிட்டது. துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வவுனியா கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாட்கூலியும் பஸ் காசும் போகும் என்பதையும் மறக்கலாகாது. மருந்து இலவசம்; பயணம் இலவசமல்ல.

நோர்வேயின் ரோகலாந்தில் 1997 முதல் பத்திரிகைகள், வானொலி, பாடசாலைகள் வழியாக இந்நோயின் ஆரம்பக் குறிகளை மக்களுக்கு விளக்கி, அழைத்தால் உடனே வந்து பார்க்கும் குழுக்களையும் அமைத்தார்கள். புதிய நோயாளிகளில் பாதிப்பேர் 5 வாரங்களுக்குள் சிகிச்சைக்கு வந்தார்கள். விளக்கப் பிரசாரம் நின்றபின் அந்தக் காலம் மீண்டும் 15 வாரமாக நீண்டது. ஆகவே ஒருநாள் கருத்தரங்கு நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதால் இங்கே எதுவும் மாறாது. ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு பாடசாலையிலும் சொல்லவேண்டும். பூசாரிமாரையும் போதகர்மாரையும் இதில் சேர்க்கவேண்டும். முதலில் கதவு தட்டப்படுவது அவர்களிடமே.

ஆசிரியர்களே, நன்றாகப் படித்த பிள்ளை காரணமின்றிப் பின்வாங்கிச் சில வாரங்களாக ஒதுங்கியிருந்தால் தாய் தகப்பனை அழைத்துப் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. என் தம்பி இன்று மருந்தோடு தோட்டம் செய்கிறான். உயர்தரப் பரீட்சை மட்டும் எழுதவேயில்லை.